லினக்ஸிலும் மேக்கிலும் டாலி ஓட்டுவது எப்படி?

மதுரை கீழமாசி வீதியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவர் காலை ஏழு மணிக்கே போன் செய்தார். சென்னையில் வேலை பார்க்கும் மகன் அப்பாவுக்கென்று ஒரு மேக்புக் வாங்கி வந்திருக்கிறான். "தம்பி, டாலி ஃபைலைக் காப்பி பண்ணிட்டேன். ரெண்டு தடவை தட்டுறேன், திறக்கவே மாட்டேங்குது. பெட்டி கோளாறாப்பா?" என்றார்.

அதே வாரம் கே.புதூர் சிட்கோவில் ஒரு சின்ன லேத் பட்டறையிலிருந்து இன்னொரு அழைப்பு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அவர்களுடைய கணினியில் விண்டோஸ் 11 ஏறாது. அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டான். கணினி முன்னைவிட வேகமாக இருக்கிறது, ஆனால் டாலி இல்லை.

இரண்டு இடத்திலும் கோளாறு எதுவும் இல்லை. டாலியின் இப்போதைய வடிவமான டாலிபிரைம், விண்டோஸுக்காக எழுதப்பட்ட கணக்கு மென்பொருள். "இந்தக் கோப்பைத் திற", "இந்தப் பக்கத்தை அச்சிடு" என்று அது கேட்பதெல்லாம் விண்டோஸிடம்தான். மேக்கிலும் லினக்ஸிலும் அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ள ஆள் இல்லை. அந்த ஆளை ஏற்பாடு செய்யப் பல வழிகள் உண்டு. எது யாருக்குப் பொருந்தும், எப்படிச் செய்வது என்பதை, மதுரைக் கடைகளில் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுத்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். டாலியை வைத்துச் சொன்னாலும், விண்டோஸில் மட்டும் ஓடுகிற எந்த பில்லிங் மென்பொருளுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். திரையில் டாலி திறந்துவிட்டால் பாதி வேலைகூட முடியவில்லை. பில் சரியான தாளில் அச்சாக வேண்டும், டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் யுஎஸ்பி டோக்கன் வேலை செய்ய வேண்டும், ராத்திரி பேக்கப் எடுக்க வேண்டும், கரண்ட் போய் வந்தாலும் கணக்கு அப்படியே இருக்க வேண்டும். இவற்றைச் சரிபார்க்காமல் "ஓடிருச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பார்க்க மட்டுமா, பதிவு போடவா?

அண்ணாச்சியிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். கடையில் பழைய விண்டோஸ் கணினி நன்றாகவே ஓடுகிறது, கணக்குப்பிள்ளை அதில்தான் பதிவு போடுகிறார். அண்ணாச்சிக்கு வேண்டியதெல்லாம் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து யார் யார் எவ்வளவு பாக்கி என்று பார்ப்பது. இதற்கு மேக்கில் எதையும் நிறுவத் தேவையில்லை. 2020-இல் டாலிபிரைம் வந்ததிலிருந்து அறிக்கைகளை பிரவுசரிலேயே பார்க்கும் வசதி இருக்கிறது. டிஎஸ்எஸ் என்ற டாலியின் சேவைச் சந்தா நடப்பில் இருக்க வேண்டும், கடைக் கணினியில் கடையின் கணக்கு (டாலியில் அதற்கு 'கம்பெனி' என்று பெயர்) திறந்து இணையத்தோடு இணைந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் அவர் வேலை முடிந்தது.

ஆகவே உங்கள் தேவை பார்ப்பது மட்டும் என்றால் இங்கேயே நின்றுவிடலாம். வவுச்சர் போட வேண்டும், பில் அடிக்க வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

பழைய கணினியைத் தொடுவதற்கு முன்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். டாலி எந்தப் பதிப்பு, சீரியல் எண் என்ன, உரிமம் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று எழுதுங்கள். நிறையக் கடைகளில் அந்த மின்னஞ்சல் என்றைக்கோ வேலையை விட்டுப் போன பையனுடையதாக இருக்கும். அதை இப்போதே சரி செய்யுங்கள். அப்புறம் பிரிண்டர் மாடல், டோக்கன் பெயர், பார்கோடு ரீடர், தராசு என்று கணினியில் செருகியிருக்கும் ஒவ்வொரு ஒயரையும் பின்பக்கம் போய்ப் பார்த்து எழுதுங்கள்.

அடுத்து டேட்டா. டாலியில் கம்பெனியைத் திறக்கும் இடத்திலேயே அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது தெரியும். ஆல்ட் விசையோடு ஒய் அழுத்தி பேக்கப் எடுத்து ஒரு பென்டிரைவில் போடுங்கள். கூடவே டேட்டா ஃபோல்டர் முழுவதையும் அப்படியே இன்னொரு பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். இரண்டும் வேண்டும். ஒன்று கெட்டால் மற்றது கைகொடுக்கும்.

உரிமத்தை மட்டும் இப்போது தொடாதீர்கள். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் சில்வர் உரிமம் ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் இருக்கும். புதிய இடத்தில் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் பழைய கணினியில் அதைச் சரண்டர் செய்து, புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். அதுவரை புதிய இடத்தில் எஜுகேஷனல் முறையில் ஓட்டிப் பார்க்கலாம். அதற்குப் பணம் கிடையாது. மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட முடியும். சோதனை செய்ய அது போதும்.

கணினிக்குள் ஒரு கணினி

8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள ஓரளவு புதிய கணினியில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். விண்டோஸ் இல்லாமல் டாஸ் அல்லது உபுண்டுவோடு விற்கும் லேப்டாப் வாங்கியவர்களும் இதில் அடக்கம். லினக்ஸுக்குள் ஒரு மென்பொருள் ஒரு முழுக் கணினியைப் போல நடிக்கும். அந்தக் கணினியில் உண்மையான விண்டோஸைப் போட்டு, அதில் டாலியைப் போடுகிறோம். டாலிக்கு வித்தியாசமே தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும்.

முதலில் கணினி தொடங்கும்போதே திறக்க வேண்டிய பயாஸ் என்ற அமைப்புத் திரையில் போய் மெய்நிகராக்க வசதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் ப்ராசஸர் என்றால் விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்றும் இருக்கும். இது மூடியிருந்தால் 64 பிட் விண்டோஸ் ஏறாது. புதிதாகச் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் அதிக நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

அப்புறம் விர்ச்சுவல்பாக்ஸின் தளத்திலிருந்தே 7-ஆம் பதிப்பையோ அதற்கு மேற்பட்டதையோ இறக்கி நிறுவுங்கள். விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்பு வசதிகளான டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் நடித்துக் காட்டும் வசதி 7-இல்தான் வந்தது. எக்ஸ்டென்ஷன் பேக் என்று ஒன்றையும் தளத்தில் காட்டுவார்கள். அது வியாபாரப் பயன்பாட்டுக்கு இலவசம் இல்லை. 7-ஆம் பதிப்பிலிருந்து யுஎஸ்பி வேலைக்கு அது தேவையும் இல்லை. கடையில் அதைப் போடாதீர்கள்.

விண்டோஸ் 11 நிறுவும் கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். கோப்பு இலவசம், உரிமம் இலவசம் இல்லை. பழைய கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது, இங்கே கொண்டுவர முடியாது. தனியாக ஒன்று வாங்க வேண்டும். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீயை நம்பி கடைக் கணக்கை வைக்காதீர்கள்.

இப்போது விர்ச்சுவல்பாக்ஸில் 'நியூ' அழுத்தி புதிய கணினியை உருவாக்குங்கள். ரேம் 4 ஜிபி, ப்ராசஸர் 2, ஹார்டு டிஸ்க் 64 ஜிபி. இது விண்டோஸ் 11 கேட்கிற குறைந்தபட்சம். உங்கள் கணினியில் 16 ஜிபி ரேம் இருந்தால் 8 கொடுங்கள், வேகத்தில் வித்தியாசம் தெரியும். டிஸ்க் அளவை 'டைனமிக்' என்று வைத்தால் பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் இடம் பிடிக்கும். விண்டோஸ் ஏறி முடிந்ததும் மேலே 'டிவைசஸ்' மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் திரை முழு அளவுக்கு விரியும், மவுஸ் தடங்கலில்லாமல் ஓடும்.

டாலி நிறுவுவதற்கு முன் இன்னும் இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, வலதுபக்க கன்ட்ரோல் விசை. விர்ச்சுவல்பாக்ஸ் அதைத் தன் சொந்த உத்தரவுகளுக்காக எடுத்துக்கொள்கிறது. டாலியில் வவுச்சர் முறையை மாற்ற கன்ட்ரோலோடு ஹெச் அழுத்துவோம். வலதுபக்க கன்ட்ரோலோடு அதை அழுத்தினால், உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு 'ஷட் டவுன்' சைகை போகும். நரேஷனை மறுபடி கொண்டுவர கன்ட்ரோலோடு ஆர் அழுத்துவோம். விர்ச்சுவல்பாக்ஸுக்கு அது 'ரீசெட்'. வேகமாகப் பதிவு போடுகிற கணக்குப்பிள்ளைகளுக்கு இரண்டு கன்ட்ரோலையும் அழுத்திப் பழக்கம். பதிவின் நடுவில் கணினி அணைந்தால் அவர்கள் மேல் தப்பில்லை. 'ப்ரிஃபரன்ஸஸ்' பகுதியில் 'இன்புட்' என்ற இடத்தில் போய் அந்த ஹோஸ்ட் விசையை யாரும் தொடாத வேறொன்றுக்கு மாற்றுங்கள்.

இரண்டு, டேட்டாவுக்கென்று தனி டிஸ்க். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம்.

விளக்குத்தூண் பக்கத்தில் காணாமல் போன நான்கு நாள்

விர்ச்சுவல்பாக்ஸில் 'ஸ்னாப்ஷாட்' என்று ஒரு வசதி உண்டு. கணினியின் இந்த நிமிட நிலையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். நாளைக்கு ஏதாவது கெட்டால் ஒரு கிளிக்கில் இந்த நிமிடத்துக்குத் திரும்பலாம். மிக நல்ல வசதி. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் எல்லாம் அமைத்துக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, "ஏதாச்சும் ஆனா இதை அழுத்தித் திரும்பிக்கலாம் தம்பி" என்று அங்கே வேலை பார்க்கும் பையனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிரிண்டர் நின்றுவிட்டது. பையன் சொன்னபடியே அழுத்தினான். பிரிண்டர் சரியாகிவிட்டது. ஆனால் கணினி திங்கட்கிழமை காலைக்குப் போய்விட்டது, டாலி கணக்கும் அதோடு போய்விட்டது. நான்கு நாள் பில், ரசீது, பேங்க் பதிவு எதுவும் இல்லை. மறுபடி முன்னுக்கு வரவும் வழி இல்லை. முந்தைய நிலையைச் சேமித்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்டபோது அவன் வேண்டாம் என்று தட்டியிருந்தான்.

நான் போனபோது கடை முதலாளி ஒன்றும் திட்டவில்லை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்த பில்களின் கார்பன் பிரதிகளை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் தாள், எழுத்து மங்கலாக இருந்தாலும் எண்கள் தெரிந்தன. அவர் பில் நம்பரை வாசிக்க வாசிக்க, பையன் பதிவு போட்டான், நான் தொகையைச் சரிபார்த்தேன். முடிக்கும்போது ராத்திரி ஒரு மணி. அந்தக் கார்பன் பிரதிகள் இல்லையென்றால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். தப்பு பையனுடையது இல்லை. பாதி மட்டும் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

அதனால் இப்போது எல்லாக் கடையிலும் இப்படித்தான் செய்கிறேன். விர்ச்சுவல்பாக்ஸில் 20 ஜிபி அளவில் இரண்டாவது டிஸ்க் ஒன்றை உருவாக்குங்கள். 'மீடியா' பட்டியலில் அந்த டிஸ்கின் வகையை 'ரைட்-த்ரூ' என்று மாற்றுங்கள். முதல் ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ரைட்-த்ரூ டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் தொடாது. எடுக்கும்போதும் சேர்க்காது, திரும்பும்போதும் மாற்றாது. விண்டோஸுக்குள் இந்த டிஸ்க்குக்கு டி டிரைவ் என்று பெயர் கொடுத்து, டாலியின் டேட்டா இருப்பிடத்தை அங்கே மாற்றிவிடுங்கள். விண்டோஸ் எத்தனை தடவை பின்னுக்குப் போனாலும் கணக்கு இன்றைய தேதியிலேயே இருக்கும்.

ஆனாலும் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். லினக்ஸ் இருக்கும் ஹார்டு டிஸ்க் போனால் எல்லாமே சேர்ந்துதான் போகும். லினக்ஸ் பக்கம் ஒரு ஃபோல்டரை 'ஷேர்டு ஃபோல்டர்' ஆக்கி, தினமும் கடை மூடும்போது டாலி பேக்கப்பை அதில் எடுங்கள். அங்கிருந்து ஒரு பிரதி பென்டிரைவுக்கும், ஒரு பிரதி கூகுள் டிரைவுக்கும் போகட்டும். சிலர் டாலி டேட்டாவையே ஷேர்டு ஃபோல்டரில் வைத்து ஓட்டுகிறார்கள். வேண்டாம். வேகம் குறையும், ஒரே கோப்பை இரண்டு பக்கமும் தொடும்போது டேட்டா கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு.

கரண்ட் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்துவது நமக்குப் பழக்கம், முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் போகிற கரண்ட்தான் ஆபத்து. இப்போது இரண்டு கணினி ஒன்றாக அணைகிறது, உள்ளே இருப்பதை யாரும் முறையாக மூடவில்லை. யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிடமாவது தாங்க வேண்டும். கரண்ட் போனதும் முதலில் டாலியை மூடு, அடுத்து உள்ளே விண்டோஸை மூடு, கடைசியில் லினக்ஸ் என்ற வரிசையைத் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள்.

பிரிண்டரும் டோக்கனும்

யுஎஸ்பியில் செருகும் எதுவும் ஒரு நேரத்தில் ஒரு கணினிக்குத்தான் சொந்தம். லினக்ஸ் பிடித்து வைத்திருந்தால் உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் யுஎஸ்பி பகுதிக்குப் போய் பிரிண்டரையும் டோக்கனையும் ஃபில்டர் பட்டியலில் சேர்த்துவிட்டால், செருகியவுடன் நேராக உள்ளே போய்விடும். பட்டியல் காலியாக இருக்கிறதா? லினக்ஸில் உங்கள் பயனர் பெயர் விபாக்ஸ்யூசர்ஸ் என்ற குழுவில் சேரவில்லை என்று அர்த்தம். சேர்த்துவிட்டு ஒரு தடவை வெளியேறி உள்ளே வாருங்கள்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் இன்னொரு விஷயம். முதல் பில் அழகாக வரும். இரண்டாவது கொஞ்சம் இடம் மாறும். நாலைந்து பில் போனதும் அச்சு கிழிக்கிற கோட்டைத் தாண்டி விழும். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று ஆள் கூப்பிடுவார்கள். காரணம் புதிய விண்டோஸில் தாள் அளவு ஏ4 என்று இருப்பதுதான். உங்கள் தாள் பத்துக்கு ஆறு அங்குலம் என்றால், விண்டோஸின் பிரிண்ட் சர்வர் அமைப்பில் அதே அளவில் புதிய ஃபார்ம் ஒன்றை உருவாக்கி, டாலியிலும் பிரிண்டரிலும் அதையே தேர்ந்தெடுங்கள். பத்து பில் தொடர்ச்சியாக அடித்து, பத்தாவது பில் முதல் பில்லின் மேல் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

டோக்கன் எல்லோருக்கும் தேவைப்படாது. ஜிஎஸ்டி தாக்கலில் தனி உரிமையாளர்கள் ஓடிபி முறையிலேயே கையொப்பமிடலாம். கம்பெனி, எல்எல்பி என்றால் டோக்கனில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பம் (டிஎஸ்சி) கட்டாயம். உங்களுடையது எது என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பேர் தாக்கலை ஆடிட்டர் அலுவலகத்திலேயே செய்வதால் இந்த வேலையே அவர்களுக்கு இருக்காது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு

ஆப்பிள் மெனுவில் 'அபவுட் திஸ் மேக்' திறந்து ப்ராசஸர் பெயரைப் பாருங்கள். இன்டெல் என்றால் மேலே சொன்ன வழியே போதும். பூட் கேம்ப் என்ற ஆப்பிளின் வசதி மூலம் விண்டோஸைத் தனியாகவும் போடலாம். 2020 நவம்பரில் தொடங்கி வந்த எம்1, எம்2 வகை என்றால் கதை வேறு. அவற்றில் பூட் கேம்ப் கிடையாது, சாதாரண விண்டோஸும் ஏறாது. ஆர்ம் ப்ராசஸருக்கான விண்டோஸ் 11-ஐத்தான் போட வேண்டும். அதற்குக் கட்டணத்தோடு பேரலல்ஸ் டெஸ்க்டாப் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2023-இல் அதை அங்கீகரித்தது. அதே வேலையைச் செய்யும் விஎம்வேர் ஃப்யூஷன் 2024 நவம்பரிலிருந்து வியாபாரப் பயன்பாட்டுக்கும் இலவசம். ஆர்ம் விண்டோஸ் 11, சாதாரண 64 பிட் மென்பொருளை மொழிமாற்றி ஓட்டிவிடும்.

மாட்டிக்கொள்வது, கருவிகளை இயக்குகிற டிரைவர் என்ற மென்பொருளில். மென்பொருளைத்தான் அது மொழிமாற்றும், டிரைவரை மாற்றாது. பழைய பிரிண்டருக்கும் டோக்கனுக்கும் ஆர்ம் விண்டோஸுக்கென்று தனி டிரைவர் இருந்தால்தான் வேலை செய்யும், பல கருவிகளுக்கு அது கிடையாது. எனவே எம் வரிசை மேக்கில் பில் அடிக்கும் கடையை நடத்த நான் யாருக்கும் சொல்வதில்லை. பில்லை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர், அலுவலக லேசர் பிரிண்டர் நெட்வொர்க்கில் இருப்பவர் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மேக்கில் எஃப் விசைகள் வெளிச்சத்தையும் சத்தத்தையும் மாற்றுவதற்காக அமைந்திருக்கும். விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9 என்று வாழ்கிற டாலிக்கு இது சரிப்படாது. கீபோர்டு அமைப்பில் அவற்றைச் சாதாரண எஃப் விசைகளாக மாற்றிவிடுங்கள்.

பழைய கணினியை வைத்தே வேலை பார்ப்பது

சிட்கோ பட்டறையில் இருந்தது 4 ஜிபி ரேம் உள்ள கணினி. அதற்குள் இன்னொரு விண்டோஸை ஓட்டினால் இரண்டும் தவழும். தவிர, விண்டோஸ் 11-ஐ மெய்நிகர் கணினியில் போடும்போதும் அடியில் இருக்கும் ப்ராசஸர் தகுதியானதாக இருக்க வேண்டும் என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அங்கே நல்ல விண்டோஸ் 11 ப்ரோ கணினி ஒன்று உரிமையாளர் அறையில் இருந்தது. டாலியை அதில் வைத்து, லினக்ஸ் கணினியிலிருந்து ரெம்மினா என்ற மென்பொருள் வழியே ரிமோட் டெஸ்க்டாப்பில் திறக்கும்படி செய்தோம். கணக்கெல்லாம் அந்தக் கணினியில், கீபோர்டும் திரையும் இந்தக் கணினியில்.

இதற்கு விண்டோஸ் ப்ரோ வேண்டும், ஹோம் பதிப்பில் இந்த வசதி இல்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். நீங்கள் உள்ளே நுழைந்தால் அங்கே இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். அவர்கள் நேரம் பிரித்துக்கொண்டார்கள், மதியம் வரை உரிமையாளர், சாயங்காலம் கணக்கு எழுதும் அக்கா.

ஒரே வைஃபையில் இருக்கும் வரை பயமில்லை. வீட்டிலிருந்தும் வேண்டும் என்று ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்து வைக்கச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கிற கும்பல் முதலில் தட்டிப் பார்க்கிற கதவு அதுதான். டெயில்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன் (வெளியார் நுழைய முடியாத தனிவழி இணைப்பு) போட்டு அதன் வழியாக மட்டும் வாருங்கள்.

வைன்

விண்டோஸே இல்லாமல், விண்டோஸிடம் கேட்கும் கேள்விகளுக்கு லினக்ஸிலேயே பதில் சொல்லும் மென்பொருள் வைன். 1993-இல் தொடங்கி இன்று வரை பலர் உழைத்து வளர்த்துவரும் அருமையான முயற்சி. இலவசம், லேசானது. லினக்ஸ் மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில், வைனை எளிதாகப் பயன்படுத்த உதவும் பாட்டில்ஸ் என்ற மென்பொருளைத் தேடி நிறுவி, 'அப்ளிகேஷன்' வகையில் ஒரு புதிய பாட்டிலை உருவாக்கி, அதற்குள் டாலியின் நிறுவும் கோப்பை ஓட்டுங்கள்.

திறந்துவிட்டால் எஜுகேஷனல் முறையில் பேக்கப்பை ஏற்றி, பில் அச்சு, எக்ஸெல் ஏற்றுமதி, ஜிஎஸ்டி தாக்கலுக்கான ஜிஎஸ்டிஆர்-1 ஜேசன் கோப்பு, லெட்ஜரில் தமிழ்ப் பெயர்கள் எல்லாவற்றையும் பாருங்கள். தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவிப் பாருங்கள். இன்றைக்கு எல்லாம் ஓடினாலும் டாலியின் அடுத்த பதிப்பில் ஏதாவது ஒன்று நிற்கலாம், அப்போது கேட்பதற்கு ஆள் இல்லை. படிக்கிற பிள்ளைகள் டாலி பழகுவதற்கு வைன் மிக நல்லது. வீட்டில் பழைய அரசு லேப்டாப் இருந்தால் லினக்ஸும் வைனும் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். கடையின் ஒரே கணக்கை மட்டும் அதை நம்பி வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எப்போது மாறுவது?

மாதத்தின் 21-ஆம் தேதிக்குப் பிறகு. ஜிஎஸ்டி மாதத் தாக்கல்களில் ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதியும் ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதியும் முடிந்திருக்கும். காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்கிறவர்கள் அவர்களுடைய தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளி, சித்திரைத் திருவிழா வாரங்களைத் தொடவே வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி கடை மூடியதும் கடைசி பேக்கப் எடுங்கள். பழைய கணினியில் ட்ரையல் பேலன்ஸை அச்செடுத்துக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் பேக்கப்பை ஏற்றி, அதே ட்ரையல் பேலன்ஸை அச்செடுத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். கடைசி பில் நம்பர், கையிருப்பு ரொக்கம், பேங்க் இருப்பு மூன்றையும் தனியாகப் பாருங்கள். பைசா வித்தியாசம் இருந்தாலும் உரிமத்தை மாற்றாதீர்கள். எல்லாம் ஒத்துப்போனால் பழையதில் சரண்டர் செய்து புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள். இரண்டுக்கும் இணையம் வேண்டும்.

அடுத்த மாதம் 3பி தாக்கல் ஆகும் வரை பழைய கணினியை ஃபார்மட் செய்ய யாரையும் விடாதீர்கள். அதற்குப் பிறகு பெட்டியை விற்றாலும் ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி, மேலே தேதியும் கடைப் பெயரும் எழுதி பீரோவில் வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு வருடத்தின் கணக்கை, அந்த வருடத்துக்கான ஆண்டுத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.